சிவராத்திரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டத்தின் பனிக்கால ஏற்பாடு

ஐப்பசி பாதியில் ஆடிப்பட்டத் தோட்டம் ஓய்ந்துவிடும். பீர்க்கை, புடலைக் கொடிகள் அடியிலிருந்து மஞ்சளாகும், வெண்டை கணு நெருங்கிச் சிறுக்கும், கத்தரியில் காயைவிடச் சொத்தை அதிகமாகும். இந்தச் சமயத்தில் பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டின் மிக நல்ல காய்கறிப் பருவம் அப்போதுதான் வாசலுக்கு வந்து நிற்கிறது. கேரட், பீட்ரூட், நூக்கோல், முட்டைக்கோஸ், பட்டாணி எல்லாம் வீட்டு வாசலில் வருவது இந்தக் குளிரில்தான்.

ஆனால் இந்தக் குளிர் நீளமானது அல்ல. சிவராத்திரியோடு குளிர் விலகும் என்பது ஊர்க் கணக்கு. சிவராத்திரி பிப்ரவரி பாதிக்கும் மார்ச் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். தோட்டக் கணக்குக்கு பிப்ரவரி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிரும் அதற்குள் அறுவடைக்கு வந்துவிட வேண்டும். எனவே விதைக்கும் நாளை இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணாமல் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பனிக்காலத் தோட்டம் தோற்பதற்கு முதல் காரணம் பூச்சியோ மண்ணோ அல்ல, மூன்று வாரத் தாமதம்.

எண்ணிப் பார்த்தால் இப்படி வரும். கேரட்டுக்கு 90 முதல் 100 நாள், ஆகவே நவம்பர் 15க்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். முட்டைக்கோஸுக்கு நாற்றங்காலில் 25 நாள், பாத்தியில் 80 நாள். நவம்பர் முதல் வாரத்தைத் தாண்டக்கூடாது. காலிஃபிளவர் இன்னும் கறாரானது. அதன் பூ திரளும் நாட்கள் மார்கழிக் கடைசியிலும் தை முதல் பாதியிலும் விழ வேண்டும், அதனால் அக்டோபர் 25ஐ ஒட்டி விதைத்துவிடுங்கள். பட்டாணி பூக்கும்போது வெயில் ஏறினால் பூ உதிரும். நவம்பர் 20 அதற்குக் கடைசி. குத்துச்செடி பீன்ஸுக்கு டிசம்பர் முதல் தேதி, நூக்கோல் நாற்றுக்கு டிசம்பர் 5, பீட்ரூட்டுக்கு டிசம்பர் 15 வரை இடமுண்டு. முள்ளங்கியும் கொத்தமல்லியும் ஜனவரி முதல் வாரம் வரை தாங்கும். வெந்தயக்கீரை 25, 30 நாளில் முடிந்துவிடும் என்பதால் தை முதல் வாரம் வரை விதைக்கலாம்.

இந்தத் தேதிகள் தருமபுரி, பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கானவை. இங்கே மார்கழியிலும் பகல் வெயில் 28 டிகிரியைத் தொடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவில் இருக்கிறது, இரவுக் குளிர் அங்கே கூடுதல். பயிர் பத்துப் பதினைந்து நாள் மெதுவாக வளரும், ஆனால் வெயிலும் தாமதமாகத்தான் ஏறும். அதனால் அதே தேதிகள் அங்கேயும் செல்லும், இரண்டு வாரம் பிந்தினாலும் பெரிய பழுதில்லை. மேட்டுப்பகுதியில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: கார்த்திகைக்குப் பிறகு அங்கே வெண்டை விதைக்காதீர்கள். மண் குளிர்ந்தால் விதை முளைக்காமல் அழுகும்.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது

சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்குவது தவறு. தட்டைப்பயறு, கொத்தவரை இருந்த இடத்தில் தண்டை மண் மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை அப்படியே விடுங்கள். வேரில் உள்ள முடிச்சுகளின் தழைச்சத்து அடுத்த பயிருக்குக் கிடைக்கும். வெண்டை, தக்காளி, கத்தரியை மட்டும் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் நுண்ணிய புழு. பயறு வேரில் இருக்கும் நல்ல முடிச்சை விரலால் தள்ளினால் கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு கழலாது, வேரே பருத்திருக்கும். அப்படி இருந்த பாத்தியில் கேரட் விதைத்தால் கிழங்கு கிளைவிட்டுக் கோணலாகும். அந்தப் பாத்திக்கு இந்தப் பருவம் செண்டுமல்லி வையுங்கள். நவம்பர் பாதிக்குள் விதைத்தால் பொங்கலுக்குப் பூ, நூற்புழுவும் குறையும். பிடுங்கிய வேர்களைக் காயவைத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். நரம்பு மஞ்சளான வெண்டைச் செடிக்கும் இதே முடிவுதான்.

விதைக்கு விட்ட காய்களை இப்போது சேர்க்க வேண்டும். பீர்க்கையும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். கத்தரி முழுதும் மஞ்சளாகிப் பழுத்திருக்க வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் ஒன்றரை நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்பு போகும். எல்லா விதையையும் நிழலில் மூன்று நாள், இளவெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். பல்லால் கடித்தால் பதியாமல் நொறுங்க வேண்டும். பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். சாம்பலோ வசம்புத் தூளோ கலந்து மூடிவையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது.

பிடுங்கவே கூடாதது அவரையும் மொச்சையும். ஆடியில் போட்ட கொடி ஐப்பசி வரை இலையும் கொடியுமாகப் பந்தலை அடைத்துக்கொண்டு ஒரு பூகூட விடாமல் நிற்கும். மலட்டுக் கொடி என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். பழைய நாட்டு ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஐப்பசிக் கடைசியில் அரும்பு காட்டி, கார்த்திகை, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இந்த ஊர்ச் சமையலில் பிதுக்குப்பருப்புக் குழம்புக்கு உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். அதற்கான பச்சை மொச்சை கிடைக்கும் காலம் இதுதான். ஐப்பசி பிறந்ததும் கொடிக்கு எரு, புண்ணாக்குக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள். தழைச்சத்து கூடினால் கொடி ஓடும், பூ நிற்காது. பந்தலுக்குள் காற்றும் வெளிச்சமும் போகும்படி நெருக்கமான இடத்தில் மூன்றில் ஒரு பங்கு இலையைக் கழியுங்கள். நுனிகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளையில் பூங்கொத்து வரும்.

பூங்கொத்து வந்ததும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி வரும். பனி ஈரம் இருக்கும் காலையிலேயே சலித்த விறகுச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டித் தூவுங்கள். இலை காய்ந்தபின் தூவினால் ஒட்டாது. கொத்து முழுக்க அப்பியிருந்தால் அந்தக் கொத்தைக் கிள்ளி எறிவதே நல்லது. எறும்பு ஏறும் தண்டைச் சுற்றிலும் சாம்பல் போடுங்கள், அசுவினியைக் கொடி கொடியாகச் சுமந்து பரப்புவது எறும்புதான்.

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டும் என்றால் ஒரு பரங்கிக் கொடியையும் விட்டுவையுங்கள். புரட்டாசிக் கடைசியில் போட்ட கொடி 45, 50 நாளில் பூக்கும். நீண்ட காம்பில் வருவது ஆண்பூ, அதைப் பறியுங்கள். அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண்பூவைத் தொடாதீர்கள். தினமும் இரண்டு ஆண்பூவாவது கொடியில் இருக்கட்டும், காய் பிடிக்க அது வேண்டும்.

பாத்தி

நம் செம்மண் மழையில் அடித்துப் படிந்து, வெயில் பட்டதும் மேலே ஓடு கட்டிவிடும். கீழே தண்ணீர் நின்றால் நாற்று ஒரே இரவில் வாடும். அதனால் பனிக்காலப் பாத்தி மேட்டுப்பாத்தியாகத்தான் இருக்க வேண்டும்: மூன்றடி அகலம், பத்தடி நீளம், ஒரு சாண் உயரம். கார்த்திகை பிறந்துவிட்டது, இனி மழை இல்லை என்று மேட்டைக் குறைக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த ஏற்பாடும் போதாது. ஆனால் பத்து செ.மீ. மழை என்பது கார்த்திகையில் எப்போதும் வரக்கூடியது, அதற்கு வடிகால் வாய்க்கால் இருந்தே ஆக வேண்டும்.

பத்துக்கு மூன்றடிப் பாத்திக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் 8 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 250 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைத் தூள் 50 கிராம். டிரைக்கோடெர்மாவை எருவோடு கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். அதன்பிறகு பாத்தியில் பரப்பிக் கொத்திவிட்டால் வேரழுகல் வெகுவாகக் குறையும். அந்தப் பாத்தியில் தாமிரப் பூஞ்சைக்கொல்லி எதையும் ஊற்றாதீர்கள், போட்ட நல்ல பூஞ்சையும் செத்துப்போகும். எருவைப் போடுமுன் சலித்துப் பாருங்கள். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் எருக்குழியில் சாதாரணமாக இருக்கும், அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். கேரட் இரண்டாக மூன்றாகப் பிளப்பதற்குக் கல்லுக்கு அடுத்த காரணம் அதுதான்.

நாற்று

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் மூன்றுக்கும் 98 குழி உள்ள குழித்தட்டு போதும். ஒரு தட்டுக்கு மக்கிய தென்னைநார்க் கழிவு ஏறக்குறைய 1.2 கிலோ பிடிக்கும். மக்காத நார்க்கழிவில் நாற்று வெளிறும். தண்ணீரில் ஊறவைத்தால் தேநீர் நிறத்தில் சாயம் அதிகம் இறங்கினால் அது இன்னும் தயாராகவில்லை, இரண்டு மூன்று முறை கழுவிப் பயன்படுத்துங்கள். குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். விதைத்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடினால் மூன்று நான்கு நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நூலாக நீண்டுவிடும், பிறகு நிமிராது.

நாற்றின் கழுத்து தண்ணீரில் வெந்ததுபோல் கறுத்து விழுந்தால் அது நாற்றழுகல். மாலையில் தண்ணீர் தெளிப்பதும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம். காலை எட்டரைக்குமேல் மட்டும் தண்ணீர் விடுங்கள். சூடோமோனாஸ் என்ற நோய் தடுக்கும் நுண்ணுயிர்த் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து 10ஆம் நாள் ஊற்றலாம்.

காலிஃபிளவர் விதை வாங்கும்போது பொட்டலத்தில் எத்தனை நாள் ரகம், எந்தப் பருவத்துக்கு என்று பாருங்கள். தாழ்ந்த பகுதிக்கு 60, 65 நாளில் வரும் வெப்பம் தாங்கும் முன்பருவ ரகம் மட்டுமே. ஸ்நோபால் போன்ற கடுங்குளிர் ரகம் தருமபுரியில் இலையாகவே நிற்கும். பொத்தான் அளவில் பூ வந்து நின்றுவிடுவது வேறு நோய் அல்ல; நாற்று 35, 40 நாள் தட்டிலேயே கிழடுதட்டியது அல்லது நட்டபின் தழைச்சத்துக்கு ஏங்கியது. 25, 28 நாளில், நான்கைந்து இலையோடு நட்டுவிடுங்கள். இடைவெளி காலிஃபிளவருக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கோஸுக்கு ஒன்றரைக்கு ஒன்று, நூக்கோலுக்கு முக்கால் அடி. பூ எலுமிச்சை அளவு தெரிந்ததும் சுற்றியுள்ள இலைகளை மேலே சேர்த்து வாழைநாரால் கட்டுங்கள். ஏழு முதல் பத்து நாளில் வெள்ளையாக அறுக்கலாம். பூவின் நடுவில் பழுப்பும் தண்டில் பொந்தும் தெரிந்தால் போரான் பற்றாக்குறை. பாத்தி போடும்போதே சதுர மீட்டருக்கு ஒரு கிராம் போராக்ஸை மணலில் கலந்து தூவினால் அது வராது. கூடினால் விஷமாகும், கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள்.

கேரட், பீட்ரூட், பட்டாணி

கேரட்டை நாற்றுவிட்டு நடக்கூடாது. ஒரு அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கிய மண்ணில் நேரடியாகத்தான். மூன்றடிக்குப் பத்தடிப் பாத்திக்கு 2 கிராம் விதை போதும். உள்ளங்கையில் தேய்த்து முள்மயிரை நீக்கி, பத்து மடங்கு மணலோடு கலந்து, ஒரு அடி இடைவெளிக் கோடுகளில் அரை விரற்கடை ஆழத்தில் தூவி, சலித்த எருவால் மூடுங்கள். மண்ணால் மூடினால் ஓடு கட்டி முளை வெளியே வராது. கேரட் முளைக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான். மேலே ஈரச்சாக்கு விரித்து, ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளைக்க 8 முதல் 12 நாள் ஆகும். இருபதாம் நாள் நான்கு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். மனம் வராமல் நெருக்கமாக விட்டால் எல்லாமே சுண்டுவிரல் தடிமனில் நின்றுவிடும். நாற்பதாம் நாள் மண் அணையுங்கள், வெயில் பட்ட தோள் பச்சையாகிக் கசக்கும்.

பீட்ரூட்டின் ஒவ்வொரு விதையும் உண்மையில் பல விதைகளின் கொத்து. ஒரு இடத்தில் மூன்று நான்கு முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிக் கீரையாகச் சமையுங்கள். முதல் நாள் இரவு ஊறவைத்துப் போட்டால் சீராக முளைக்கும்.

பட்டாணிக்கு எரு குறைவாகப் போதும். வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி, ஒன்றரை அடி வரிசையில் நான்கு விரலுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஏறுவதற்குத் துவரை மாறு, சவுக்குச் சிம்பு எதுவும் சரி.

கொத்தமல்லியை முழு விதையாகப் போடாதீர்கள். கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்தால் பத்து நாளில் முளைக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறு சிறு துண்டாக விதைத்து வந்தால் மாசி வரை தட்டாமல் கிடைக்கும்.

தண்ணீரும் பனியும்

ஆடியில் விட்ட கணக்கில் மார்கழியில் தண்ணீர் விட்டால் வேர் மூச்சுத்திணறும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் வேண்டாம். செம்மண்ணில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். மாடித்தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீரைக் காலை ஆறு மணிக்கு ஊற்றாதீர்கள். வெயில் ஏறி இலைமேல் பனி உலர்ந்தபின் வேரில் விடுங்கள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பூஞ்சைக்கு அந்த ஈரமே போதும். இலைமேல் மாவு பூசியதுபோல் வந்தால் சாம்பல் நோய். புளித்த மோர் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, தொடக்கத்திலேயே ஐந்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். பட்டாணியில் நோய் முற்றினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அதைப் பூசணி, பீர்க்கை வகையில் தெளிக்காதீர்கள், இலை கருகும்.

கோஸ் வகைக்குப் பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இலையில் சல்லடை ஓட்டை, தொட்டால் நூலில் தொங்கும் சிறு பச்சைப் புழு. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே பாத்தி ஓரத்தில் கடுகு ஒரு வரிசை விதையுங்கள், அந்துப்பூச்சி முட்டையிடக் கடுகையே முதலில் நாடும். புழு பெருகிய கடுகை வேப்பங்கொட்டைக் கரைசலால் நனைக்க வேண்டும்: இடித்த வேப்பம்பருப்பு 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு. முட்டைக்கோஸில் புழு தெரிந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற புழுக்கொல்லி நுண்ணுயிர்த் தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வெயிலில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும்.

மூடாக்குக்கு இந்தக் காலத்தில் அலைய வேண்டியதில்லை. மானாவாரி ராகி அறுவடை முடிந்து தாள் கிடைக்கும், கடலைத்தோலும் கரும்புச் சோகையும் உண்டு. நாற்று ஒரு சாண் வளர்ந்தபின் இரண்டு விரற்கடை தடிமனில் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். அதற்குமுன் போட்டால் நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். நத்தை வந்துவிட்டால் இரவில் ஈரச்சாக்கும் கோஸ் இலையும் போட்டுவைத்து, விடியலில் அடியில் ஒட்டியிருப்பதைப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவுவது மண்ணைக் கெடுக்கும்.

மரமும் பூச்செடியும்

மாமரத்துக்குக் கார்த்திகை முதல் தண்ணீர் நிறுத்துங்கள். மண்ணின் காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால்தான் மார்கழி, தையில் பூ வரும். நடுவில் தண்ணீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவானபின் மறுபடி தொடங்கலாம். இப்போது கிளை வெட்டாதீர்கள். குண்டுமல்லிக்கு நேர்மாறு: நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலைகளைக் கழித்து, வேர்ப்பகுதியைக் கொத்தி எருவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் பங்குனிப் பூ பாதிதான். சாமந்தியில் ஐப்பசிக்குப் பிறகு நுனி கிள்ளக்கூடாது, அரும்பும் சேர்ந்து போகும். கறிவேப்பிலை குளிரில் உறங்கும், மாசியில் வெட்டிக்கொள்ளலாம்.

மொச்சைக் கொடியில் முதல் இரண்டு பறிப்பின்போது வரும் நல்ல கொத்துகளில் சிலவற்றை நூல் கட்டிப் பறிக்காமல் விடுங்கள். கடைசிக் காய்களிலிருந்து விதை எடுத்தால் துளைப்பான் புழு முட்டை அதிகம் இருக்கும். நெற்று கொடியிலேயே பழுப்பானதும் அறுத்து, செம்மண் குழம்பில் விதையைப் புரட்டிக் காயவைத்து வைத்தால் அடுத்த ஆடி வரை வண்டு துளைக்காது.